கரண்ட் போகும் நேரத்துச் சபை

மாவு மில்லில் ஜெபம் பண்ணினால் ஊருக்கே கரண்ட் போய்விடுகிறதாம். பஸ் கண்டக்டர் சொன்னதாக டீக்கடைக்காரர் சொல்ல, பால்காரர் அதைச் சுடச்சுடக் கொண்டுவந்து மில்காரம்மாவிடமே இறக்கிவைத்தார். சல்லடையைத் தட்டிக்கொண்டே கேட்டவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இது அண்ணன் காதுக்குப் போனால்?

மில் அண்ணனுடையது. அவர் டவுனோடு போய்விட்டார். புருஷன் லாரியோடு ஊர் சுற்ற, பன்னிரண்டு வருஷமாக மில்லை ஓட்டுவது இவள்தான்.

நடந்தது என்னவோ தலைகீழ். ஜெபத்தால் கரண்ட் போகவில்லை, கரண்ட் போவதால்தான் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போகிற கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் திரும்பும். இரண்டு பஸ் மாறி டவுன் சபைக்குப் போய்வர அந்த இரண்டு மணி நேரம் போதாது. அவள் வராமல் போனதைப் பார்த்துப் போதகரே ஒரு வாரம் பைக்கில் வந்து, மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துவிட்டார். வந்தது நாலு பேர். அரைக்க வந்து காத்துக்கிடந்தவர்கள், வெயிலில் வீட்டுக்குப் போய்த் திரும்பச் சோம்பல்பட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் நாலு பதினேழானது அப்படித்தான்.

முதல் வாரம் அத்தனை பேர் கண்ணிலும் நீர் வழிவதைப் பார்த்துப் போதகர் உருகிப்போனார். காலையில் ஒரு மூட்டை மிளகாய் அரைத்திருந்ததை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பெரியம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. “கரண்ட் வந்தா எழுப்பு, ஆண்டவர் வந்தா எழுப்பாத” என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் போதகர் சொன்ன கதை பாதியில் நிற்க, கரண்ட் சீக்கிரமே வந்து எல்லாரும் எழுந்தபோது, அவள்தான் போதகரை மறித்தாள். “காணாமப்போன அந்த ஆடு கெடச்சுதா இல்லையா? சொல்லிட்டுப் போங்க.”

அப்போதுதான் ஊருக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. இனி நாள் முழுக்கக் கரண்ட். ஊரே சந்தோஷப்பட்டது. மில்காரம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்து வைத்தாள். வியாழக்கிழமை அண்ணன் போன் பண்ணினார்.

“இனிமே ஞாயித்துக்கிழமை மெஷின் நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா ஆள மாத்திடுவேன். தங்கச்சின்னு பாக்க மாட்டேன்.”

“சரிண்ணே” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. விஷயத்தைக் கேட்டு, வாரநாளில் ஒரு சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்றார் போதகர். சூளையிலிருந்து கை கால் விட்டுப்போய்த் திரும்புகிறவர்கள் இதற்கென்று கிளம்பி வருவார்களா? அவர்கள் ஜெபத்துக்கு வந்தார்களா, மாவுக்கு வந்தார்களா? இரண்டு நாளாக அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சபைக்காரர்கள் வெளியே தயங்கி நின்றார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி போதகர் வாசலில் ஏதோ சொன்னார். மெஷின் இரைச்சலில் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வரிசையில் பதினோரு பைகள்.

அவள் அடுத்த பையை வாங்கவில்லை. உள்ளே கிடந்த தானியம் முழுக்க அரைபட்டு முடியும்வரை நின்றாள். பிறகு மோட்டார் சுவிட்சைக் கீழே தட்டினாள்.

“கரண்ட் போச்சா?” என்றார் யாரோ.

“போகல. நான்தான் நிறுத்தினேன்.” “பன்னெண்டு மணிக்குப் போடுவேன். அவசரம்னா டவுன் மில்லுக்குப் போங்க. இருக்கறவங்க உக்காருங்க.”

மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் அண்ணனிடம் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டே போனார். பெரியம்மாவும் மூட்டையைத் தலையில் ஏற்றினாள். பெரியம்மா வாசல்வரை போய், மேலே அண்ணாந்து பார்த்தாள்.

“கரண்ட் இருக்கில்ல? அப்ப அந்த ஃபேனையாவது போடேண்டி. ஒண்ணரை வருஷமா வேகுறேன்.”

மூட்டையை இறக்கிப் பாயின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் பையை ஓரம் வைத்துவிட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள்.

ஃபேன் சுற்ற, வருஷக்கணக்காக இறக்கையில் படிந்திருந்த மாவு எல்லார் தலையிலும் கொட்டியது. தும்மலும் சிரிப்புமாக முதல் பாட்டு தொடங்கியது. தராசுத் தட்டில் கிடந்த போன் அதிர்ந்தது. அண்ணன்தான். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது: ‘ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் மெஷின் நிக்கும்ணே.’ பன்னிரண்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று கை கூப்பினாள். போன் தட்டோடு சேர்ந்து கிடுகிடுத்துக்கொண்டே இருந்தது.