கூடப் போன படகுகள்

எங்கள் ஊர் மாதா கோயிலின் மறைக்கல்வி அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே உட்காருவதற்குப் போட்டி நடந்த நாட்கள் உண்டு. அதே இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்து, அது சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேதாகமம் வாசித்த நாட்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எழுந்து போனார். ஏன் போனார் என்று தெரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

மதுரையில் பொறியியல் படித்தபோது விடுதியில் ஆறு பேர் சேர்ந்து தினமும் காலையில் ஓர் அதிகாரம் வாசிப்போம். மெஸ்ஸுக்குப் பின்னால், கழுவிய தட்டுகள் காய்கிற இடத்தில். சண்டை போடுவோம், சிரிப்போம், வகுப்புக்கு ஓடுவோம். படிப்பு முடிந்ததும் ஐந்து பேர் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வசனம் பேசியது போய், பூப்படம் போட்ட காலை வணக்கம் வர ஆரம்பித்தது. பிறகு அதுவும் நின்றது.

ஊரில் எல்லோரும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். செபமாலை தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் வேதாகமத்தைத் தானாக எடுத்து வாசிக்கிற பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் அது கண்ணாடிப் பெட்டிக்குள், மாதா சுரூபத்தின் காலடியில், திறந்தபடி இருந்தது. ஒருநாள் அதை வெளியே எடுத்தேன்.

"ஏன்யா அத எடுக்குற? வீடு மந்திரிச்சப்ப ஃபாதர் தெறந்து வச்ச பக்கம்யா அது" என்றார் அம்மா.

"வீடு மந்திரிச்சு பதினோரு வருசமாச்சும்மா. அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

"பாத்துட்டு அந்தப் பக்கத்துலயே வச்சுரு."

தெருவில் கூடப் படித்தவன் கேலி செய்தான். "ஏலே, நீ அல்லேலூயா கோஷ்டில சேந்துட்டியாமே? கைதட்டச் சொல்லித் தருவியா?" சிரித்துக்கொண்டே கடந்து போனேன். ஆனால் வாசித்ததைப் பேச ஆளில்லாமல், சாப்பிட்டும் பசி அடங்காதவன் மாதிரி திரிந்தேன்.

அப்போதுதான் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அறுபத்தொரு நாள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும் என்ற நினைப்பில் எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. ஒரு பெரிய தாளில் அறுபத்தொரு கட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, மாலை ஐந்து மணி, ஒரு மணி நேரம். பங்குத் தந்தையிடம் போய்த் தாளை விரித்துக் காட்டினேன். அவர் கட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாவியத் தொலைச்சிராத" என்று மட்டும் சொல்லி மறைக்கல்வி அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வீட்ல இருந்தா தண்ணிக் கொடத்தத் தூக்கச் சொல்றா மாப்ள. இங்கன வந்தா ஃபேனாவது இருக்கு" என்று ஒருவர் உண்மையைச் சொன்னார். நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் மட்டும் விசிறிக்குப் போட்டி போடமாட்டார். கதவோரம் சுவரில் சாய்ந்து உட்காருவார். படகு ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் படகும் அவருடைய தம்பி இருந்த படகும் சேர்ந்தே தொழிலுக்குப் போயின. காற்று எழும்பியது. அவர் படகு திரும்பி வந்தது. தம்பி போன படகில் இரண்டு பேரை வேறு யாரோ மீட்டார்கள், தம்பி கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் தம்பியின் போட்டோவுக்கு இன்னும் மாலை போடவில்லை. நான் அப்போது விடுதியில் இருந்தேன். அம்மா போனில் சொன்னார். செமஸ்டர் தேர்வு நேரம். எனக்கு அது ஒரு செய்தியாகத்தான் தெரியும்.

அவர் பேசுவது குறைவு. ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்தார். நான் வாசிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அப்படிக் கேட்கிற ஒருவர் முன்னால் வாசிப்பது எவ்வளவு சுகம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். மற்ற பத்துப் பேரும் வராமல் போனாலும் அவர் ஒருவர் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

இருபதாம் நாளோ இருபத்தொன்றோ, கடலில் ஆண்டவர் புயலை அடக்கிய பகுதி வந்தது. கடல்காரர்களுக்குக் கடல் கதை! இரண்டு நாள் தயாரித்தேன். யூடியூபில் மூன்று பிரசங்கம் கேட்டுக் குறிப்பெடுத்தேன். பலகையில் ஒரு படகு வரைந்தேன்.

"தம்பி, இது போட்டா, செருப்பா?"

"செருப்புதான். வார் வக்க மறந்துட்டாப்ல."

அறை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, இரண்டாம் நற்செய்தியிலிருந்து அந்தப் பகுதியை வாசித்தேன். பெருங்காற்று, படகு நிறையத் தண்ணீர், ஆண்டவர் பின்பக்கத்தில் தலையணையில் தூங்குகிறார். வாசித்து முடித்ததும் கதவோரத்திலிருந்து அவர் பேசினார்.

"தூங்குனது சரிதான். நாள் பூராம் சனத்துக்கிட்டப் பேசிட்டு ஏறுனவரு. அலுத்துப்போயிப் படுத்தா அலை அடிச்சாலும் தெரியாது."

"அப்படியில்லண்ணே" என்றேன். என் குறிப்பில் தூக்கத்துக்கு வேறு அர்த்தம் எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு ஒன்று கேட்டார்.

"கூட வேற படகுகளும் போச்சுன்னு வாசிச்சியே தம்பி. அதுக என்ன ஆச்சு?"

என் குறிப்பில் அது இல்லை. இன்னும் நான்கு கருத்து பாக்கி இருந்தது, மணி ஐந்தே முக்கால்.

"அது முக்கியமில்லண்ணே. நாம கருத்துக்கு வருவோம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, "வலை கெடக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் பலகையில் அடுத்த அம்புக்குறியைப் போட்டேன். அன்று மிக நன்றாகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மற்றவர்களிடம் விசாரித்தேன். "வேலையிருக்கும்ல" என்றார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தார். "என்னண்ணே, ஆளக் காணோம்?" என்றேன். "வாரேன், வாரேன்" என்றபடி நடந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் தெரிந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

நாற்பதாம் நாளுக்கு மேல் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் ஐந்தானது, மூன்றானது. கடைசி நாள் வந்த ஒருவர் விசிறிக்குக் கீழே அப்படியே தூங்கிப்போனார். அவரை எழுப்பாமல் அறுபத்தொன்றாம் கட்டத்தில் டிக் போட்டேன்.

தடை முடிந்து படகுகள் புறப்பட்ட அன்று கரையில் நின்று பார்த்தேன். டீசல் வாடை, ஐஸ் உடைக்கிற சத்தம், கூச்சல். சற்று நேரத்தில் எல்லாம் தூரத்துப் புள்ளிகள். திரும்பி வரும் வழியில் என்னோடு நடந்தது ஒரு நாய் மட்டும்தான். அதுவும் மீன் ஏலக்கூடத்தோடு நின்றுவிட்டது.

ஆனாலும் ஐந்து மணிக்கு அறையைத் திறந்தேன். பாய் விரித்தேன். யாரும் வரவில்லை. சரி, எனக்கு நானே வாசிக்கலாம் என்று திறந்தேன். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. ஒன்றுமே ஏறவில்லை. ஒரு வரி வாசித்தவுடன் மனம் அதை யாருக்கோ விளக்க ஆரம்பித்துவிடுகிறது. எப்படித் தொடங்கலாம், எந்த இடத்தில் சிரிக்க வைக்கலாம்? கேட்க ஆளில்லாதபோது அந்த வரிக்கு என்னிடம் வேலையே இல்லை. விடுதி நாட்களையும் நினைத்துப் பார்த்தேன். அங்கும் முந்திச் சொல்வதற்காகத்தான் வாசித்தேனோ? அறுபத்தொரு கட்டமும் நிரம்பிய தாள் சுவரில் இருந்தது. அதில் ஒரு கட்டம்கூட நான் கடவுளோடு இருந்த நாள் என்று சொல்ல முடியவில்லை.

"யாருக்குய்யா அங்கன போயி வெளக்கப் போட்டு உக்காந்திருக்க?" என்று அம்மா கேட்டார். "சும்மாதாம்மா." வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலிருந்தும் பதில் இல்லை. நாள் முழுக்க யாரிடமும் நான்கு வாக்கியம் பேசாமல் போன நாட்கள் இருந்தன. செபிக்க உட்கார்ந்தால் அதுவும் ஓர் உரை மாதிரி வந்தது. நடுவில் நிறுத்தினேன். நிறுத்தியபின் விசிறிச் சத்தம்தான்.

ஜூலையில் பேனாவையும் குறிப்பேட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். இரண்டாம் நற்செய்தியை முதலிலிருந்து எடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. சத்தமாக, மெதுவாக, இரண்டு தடவை. முடிந்ததும் மூடி வைத்துவிட்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பேன். முதல் இரண்டு வாரம் அது பெரிய வேதனை. கால் ஆடும், கை போனைத் தேடும். பிறகு பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக என் விளக்கம் இல்லாமலே நிற்க ஆரம்பித்தன.

ஆகஸ்டில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடித்த ஒரு சாயங்காலம், அந்தப் புயல் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். ஆண்டவரும் சீடர்களும் புறப்படுகிறார்கள். அடுத்து, கூடவே வேறு படகுகளும் சென்றன என்று ஒரு சின்ன வரி. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கதவோரத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. அதுக என்ன ஆச்சு?

அவருடைய தம்பி இருந்தது கூடப் போன படகில். அதைத்தான் நான் முக்கியமில்லை என்றேன்.

அந்த அறையில் அன்று எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அதன்பின் தேடினேன். காற்று அடங்குகிறது, கடல் அமைதியாகிறது, அவர்கள் அக்கரை சேர்கிறார்கள். மற்ற படகுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்தக் கதை வருகிற மற்ற இரண்டு நற்செய்திகளிலும் பார்த்தேன். அங்கே அந்தப் படகுகளே இல்லை.

அவரிடம் போக வேண்டும் என்று தெரிந்தது. போக நான்கு நாள் ஆனது. மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன், வழக்கம்போல. பிறகு வெட்கமாக இருந்தது.

காற்று எச்சரிக்கையால் கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்காத ஒரு நாள். அவர் வலைக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன்.

"வா தம்பி. வேலை கெடச்சுருச்சா?"

"இல்லண்ணே. அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. கூடப் போன படகுக என்ன ஆச்சுன்னு."

ஊசி நின்றது. அவர் நிமிரவில்லை.

"எழுதலண்ணே. தேடிப் பாத்துட்டேன். எங்கயும் எழுதல. எனக்கும் தெரியல. முக்கியமில்லன்னு சொன்னேன், அது தப்புண்ணே."

அவர் ஊசியை வலையில் செருகி வைத்தார். பிறகு, "அந்த எடத்த ஒருக்கா வாசி" என்றார்.

கையில் புத்தகம் இல்லை. போனில் எடுத்து வாசித்தேன். காற்றுச் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்தச் சின்ன வரி வந்தபோது அவர் கண்ணை மூடினார். காற்று அடங்கிய இடம் வரை வாசித்து நிறுத்தினேன்.

"அன்னைக்கு எங்களுக்கும் அடங்குச்சு தம்பி" என்றார். "விடிய ஒரு நாழி இருக்கைல, சொல்லி வச்ச மாதிரி அடங்குச்சு. மாதாவேன்னு கும்புட்டேன். கும்புட்டு முடிச்சிட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்."

எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. உயிர்ப்பு, நம்பிக்கை, மறுகரை. எல்லாம் நான் நம்புகிறவைதான், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்லும் வாய் என் வாயாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணல் எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அவர் மறுபடி ஊசியை எடுத்தார். நான்கைந்து வலைக்கண் கோத்திருப்பார்.

"அஞ்சாகப் போகுதுல்ல" என்றார். "போ. போயி அறையத் தொற."

நான் இன்னும் திறக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று அவர் வரவில்லை. இதுவரையும் வரவில்லை. வருவார் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குத் தெரியாது. சுவரிலிருந்த தாளை எடுத்து மடித்துவிட்டேன். இப்போது விசிறிக்குக் கீழே உட்காருவதில்லை. கதவோரம், அவர் சாய்ந்த இடத்தில் உட்கார்ந்து பத்து வரி வாசிக்கிறேன். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். என் வேதாகமத்தில் ஏறக்குறைய எல்லாப் பக்க ஓரங்களிலும் ஏதாவது கிறுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் படகுகளின் வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.