பூஜைக்குப் போன டிஸ்க்

ஆயுத பூஜைக்கு லேத் மெஷினைக் கழற்றித் துடைக்கிறார்கள். கழற்றுகிறவர்களுக்கு மாட்டவும் தெரியும் என்பதால் அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செட் செய்யும் ஒரு கம்பெனியில் போன வருடம் சர்வரையும் கழற்றித் துடைத்தார்கள். துடைத்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. பெங்களூரில் மென்பொருள் வேலை, பூஜைக்காக மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த சர்வரை அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அதில் நான்கு டிஸ்க்குகள். நான்கையும் மென்பொருள் ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். ஒன்று போனாலும் மற்ற மூன்றையும் வைத்து எல்லாவற்றையும் படித்துவிடலாம். கம்பெனியின் டிராயிங்குகள் மொத்தமும் அதற்குள்தான் இருந்தன, வேறு எங்கும் இல்லை. அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது எங்கள் அலுவலகம். வேறு ஒரு பிரதி வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு டிஸ்க் இருக்கும்போது பிரதி எதற்கு என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம்.

மாப்பிள்ளை நான்கையும் உருவி, துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சர்வரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூஜையில் வைக்க முடியாது. எனவே அதன் சார்பில் ஒரு டிஸ்க் மட்டும் சரஸ்வதி படத்தின் முன்னால், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் சர்வரில் கைக்கு வந்த பொந்தில் திரும்பப் போயின. பூஜை முடிந்து சர்வரைப் போட்டால் டிராயிங் ஃபோல்டர் காலி.

மாப்பிள்ளைக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அந்த ஃபோல்டரைக் கடைசியாகத் திறந்தது டிராயிங் செக்‌ஷனில் இருக்கும் அக்கா, ஆகவே அழித்ததும் அவர்தான். தொழிலாளர்கள் எல்லாரும் கையில் பொரிப் பொட்டலத்தோடு நிற்கும்போதே முதலாளி கேட்டாராம்: “ஏனுங் அம்மணி, அழிச்சுபோட்டீங்களா? டிராயிங் வரலீன்னா நாளைக்கிருந்து நீங்க வர வேண்டாமுங்க.” எங்கள் பக்கத்தில் சீட்டைக் கிழிக்கும்போதும் ‘ங்க’ விடுபடாது.

மறுநாள் விஜயதசமி. காலையில் அக்காவே எனக்குப் போன் செய்தார்.

“நான் எதையும் தொடலீங்க கண்ணு. தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிபோடுவேன். இத்தன வருசம் வரஞ்சதுங்க. வந்து பாத்துச் சொல்லுங்க.”

“சர்வர யாராச்சும் தொறந்தாங்களாக்கா?”

“தொறந்து பொட்டு வெச்சாங்க.”

நான் போனபோது மாப்பிள்ளை பட்டு வேட்டியில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலாளி பின்னால் நின்றிருந்தார். அக்கா கதவோரம் நின்றார். அவருடைய நாற்காலியில் யாரோ வாழைத்தாரை வைத்திருந்தார்கள்.

“வாங்க மேடம்,” என்றார் மாப்பிள்ளை. “பெருசா ஒண்ணுமில்ல. டிஸ்க் செட் கரப்ட். புதுசா ஒரு டிஸ்க் வாங்கியாரச் சொல்லியிருக்கேன். நாலா போட்டு ஃப்ரெஷ்ஷா கிரியேட் பண்ணிட்டா முடிஞ்சுது.”

நான் எதையும் வரிசை போட்டுத்தான் பார்ப்பேன். முதலில் கேட்டது: மொத்தம் நான்கில் மூன்றுதானே இருக்கிறது, நான்காவது எங்கே?

“பூஜைல இருக்குதுங்க,” என்றார் முதலாளி. “ராகு காலம் முடிஞ்சுதானுங்க எடுக்கோணும்.”

இரண்டாவதாக, சர்வர் கண் விழித்ததும் டிஸ்க்குகளைச் சேர்க்கும் கட்டளையைத் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை எழுதியது. டிஸ்க்குகளை b, c, d, e என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அவை டிஸ்க்கின் பெயர்களே இல்லை. மெஷின் விழிக்கும்போது யார் முதலில் கண்ணில் படுகிறார்களோ அவர்களுக்கு அது கொடுக்கும் எழுத்துகள். கல்யாணப் பந்தியில் நான்காவது இலையில் உட்கார்ந்திருப்பவர்தான் என் சித்தப்பா என்று எழுதி வைத்துக்கொள்வதைப் போல. சித்தப்பா கை கழுவ எழுந்துபோனால் சொந்தமே அறுந்துவிடும். இங்கே ஒருவர் பூஜைக்குப் போயிருந்தார். e என்று யாரும் இல்லை. கூப்பிட்ட பெயருக்கு ஆள் வராததால் மெஷின் மற்ற மூவரையும் சேர்க்காமல் நின்றுவிட்டது. நான்கும் சேர்ந்த அந்தப் பெரிய டிஸ்க் வந்து ஒட்ட வேண்டிய ஃபோல்டர் வெறுமனே நின்றது. அதைத்தான் காலி என்று பார்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதில் தன் இடம் எது என்பதைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும். எந்தப் பொந்தில் செருகினாலும், எந்த எழுத்தில் கூப்பிட்டாலும் அது மாறாது. அதைப் பார்த்துச் சேர்த்தால் போதும். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித் தருவது இது. மாப்பிள்ளை அந்த வாரம் லீவில் இருந்திருக்கலாம்.

“புதுசா கிரியேட் பண்ணுனா டிஸ்க்ல எழுதியிருக்கிற பழைய அடையாளமெல்லாம் போயிரும்,” என்றேன். “டிஸ்க் வரிசை ஒண்ணு மாறினாலும் டிராயிங் எல்லாம் மாவாயிரும். அப்புறம் சாமி வந்தாலும் எடுக்க முடியாது.”

“நான் பத்து வருஷமா இண்டஸ்ட்ரில இருக்கேன் மேடம்.”

“தெரியுதுங்க. கொஞ்சம் எந்திரிங்க.”

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். நான் நின்றுகொண்டே வேலையைத் தொடங்கினேன். மூன்று டிஸ்க்கிலும் எழுதியிருந்த அடையாளத்தை ஒப்பிட்டேன். மூன்றும் ஒன்றையே சொல்லின. எதையும் எழுதாமல், படிக்க மட்டும் என்று சொல்லி அந்த அடையாளத்தை வைத்துச் சேர்த்தேன். ஒருவர் குறைகிறார் என்று ஒரு வரி வந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே. அடுத்த வரியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃபோல்டரைத் திறந்தேன். டிராயிங்குகள் வரிசையாக வந்து நின்றன. யாரும் எதையும் அழிக்கவில்லை, டிஸ்க்கை உருவியதும் கட்டளையை அப்படி எழுதியதும்தான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“அக்கா, பாருங்க.”

அக்கா பக்கத்தில் வந்தார். பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்குக் கடைசியாகத் திருத்திய டிராயிங்கைத் திறக்கச் சொன்னார். ஒரு அளவைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுதானுங்க,” என்றார்.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பூஜ பலன் பாத்தீங்களா, சாமி காப்பாத்திபோட்டுது.” சாமி ஒரு டிஸ்க்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் மாப்பிள்ளையைவிடக் குறைவான சேதம்தான் செய்திருந்தது.

பிறகு முதலாளி அக்காவைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். “மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க.”

“கேட்டது எல்லாரும் இருக்கறப்பங்க,” என்றார் அக்கா. “எல்லாரும் வரட்டுமுங்க.”

ராகு காலம் முடிந்து, மெஷின்களை ஓட விடுவதற்காக எல்லாரும் கூடினார்கள். தீபாராதனை முடிந்ததும் டிஸ்க்கை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். அதன் முனையில் இருந்த சந்தனத்தை நான் சுரண்டிக்கொண்டிருக்க, முதலாளி பேசினார்.

“நேத்து ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க. சர்வர் பழுது. இப்ப சரியாயிருச்சு. அம்மணி மேல ஒண்ணுமில்லீங்க.”

தப்பு தானாக நடந்து வந்ததாம். இப்படியே விட்டுவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குச் சோற்றில் உப்புக் குறைந்தால்கூட அது சமைத்தவரின் தப்பு, மாப்பிள்ளையின் நாக்கில் தப்பு இருக்கவே முடியாது.

“யாரு செஞ்ச தப்புங்க?” என்று அக்கா கேட்டார். கோபமாக இல்லை, அளவு கேட்கிற குரலில்.

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் நகர்ந்தார். போன் அடித்திருக்கவில்லை. தொழிலாளர்கள் பொரியை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள். லேத்தில் வேலை செய்யும் ஒருவர் பின்னாலிருந்து, “சொல்லுங்க மொதலாளி, நாங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டோம்,” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

“எங்க மாப்பிள்ளைதானுங்க,” என்றார்.

“சரிங்க,” என்றார் அக்கா. உள்ளே போய், நாற்காலியிலிருந்த வாழைத்தாரை இறக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.