அம்மா குடித்த கஷாயம்

நேற்று காய்ச்சலில் மகளுக்கு வலிப்பு வந்ததிலிருந்து நான் கண் மூடவில்லை. பக்கத்து வீட்டில் சுக்கு கொதிக்கும் வாசனை சன்னல் வழியே வந்து, மலேசியாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த வைத்தியர் குடிசைக்கு என்னை இழுத்துக்கொண்டு போகிறது. இன்று அந்தக் குடிசையும் இல்லை, தோட்டமும் இல்லை.

ரப்பர் பாலின் புளிப்பும் வேப்பிலையின் கசப்பும் கலந்த அந்த இருட்டில், வைத்தியர் நாடி பார்க்கும் முன்பே தூக்கம், தாகம், சாப்பாடு, யாரோடு சண்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வாதமும் பித்தமும் கபமும் ஆளுக்கு ஆள் வேறு அளவில் இருக்கும் என்பார். தம்பி கைக்குழந்தையாய்க் காய்ச்சலில் கொதித்துக் கிடந்தபோது, அவர் பிடித்தது அம்மாவின் மணிக்கட்டை.

“அலமாக், ஐயையோ, ஆள் மாறிப்போச்சு வைத்தியரே! காய்ச்சல் புள்ளைக்கு!” என்று வாசலில் நின்ற ஒருவர் சிரித்தார்.

“தெரியும்லா, நீ வாய மூடு. பால் குடிக்கிற புள்ளைக்குத் தாய்தான் மருந்து குடிக்கணும். நீங்க குடிங்க தங்கச்சி, பால் வழியா அவனுக்குப் போய்ச் சேரும்.”

தம்பி தேறும்வரை அம்மா அவர் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை மூன்று வேளையும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

என் மகளுக்கு ஐந்து வயது. டாக்டர் கொடுத்த மருந்தை அவளேதான் குடிக்கிறாள். எனக்குக் குடிக்க ஒன்றுமில்லாமல், கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.