ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தவை

நேற்று கராடியில் புதுவீடு புகுந்த அலுவலக நண்பரின் ஹாலில் நான் இருந்தேன், அவர் இருந்தார், அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் இருந்தார்கள். எட்வின் இல்லை. எட்வினின் அப்பாவும் இல்லை. அவர்கள் அங்கே இருக்க ஒரு காரணமும் கிடையாது. நண்பருக்கு அவர்களைத் தெரியவே தெரியாது. ஆனாலும் சுவரோடு ஒட்டி நின்ற அந்த இரண்டு உயரமான ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் என் கண் தேடியது அவர்களைத்தான்.

கதவுப் பலகை போல ஒல்லியாக, பெட்டியே இல்லாமல், வெறும் சட்டமும் அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய தாளுமாக இருக்கும். டைபோல் என்பார்கள். மற்ற ஸ்பீக்கர்கள் முன்பக்கம் பாடும். இது பின்பக்கமும் அதே அளவு பாடும். சுவரோடு ஒட்டினால் பின்னால் போன பாட்டு உடனே திரும்பி வந்து முன்னால் போன பாட்டைக் குழப்பிவிடும். "கொஞ்சம் முன்னால இழுத்து வைக்கலாமா சார்?" என்று வாய்வரை வந்தது. சாப்பிட வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஞானம் எனக்கு எங்கிருந்து என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சடித்த எதையும் பாதியில் விட்டால் பாவம் என்கிற பயம் இன்னும் உண்டு. மிக்ஸி வாங்கினால்கூட அதோடு வரும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படிப்பேன். அது தெரிந்துதான் எட்வின் என்னைக் கூப்பிட்டான்.

அவனும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் வீடு கேம்ப் என்கிற பகுதியில், உயரமான கூரை போட்ட பழைய வாடகை வீடு. அவன் அம்மா ஜெயா ஆன்ட்டி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சர்ச்சில் குழுவோடு பாடுவார். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையை எட்வின் நல்ல ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தான். அவர் குரல் என்று வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். போனில் போட்டால் கூட்டத்தில் கரைந்துவிடும். "இத்தன பேர்ல ஜெயா எங்கடே?" என்று அவன் அப்பா, எனக்கு அங்கிள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டே இருப்பாராம். பாடுகிறவர்களைத் தனித்தனியே நிறுத்திக் காட்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, பழைய டைபோல் ஜோடி ஒன்றை எட்வின் வாங்கி வந்துவிட்டான்.

போன வேகத்தில் நாலடி முன்னால் இழுத்தோம். ஹாலில் நடக்க வழியில்லை. அங்கிள் லுங்கியை மடித்துக் கட்டி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எப்படி அங்கிள்?"

"மீன் மார்க்கெட் மாதிரி இருக்கு."

ஸ்பீக்கர்களை உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினோம். குரல்கள் பிரிந்தன. ஆனால் பாட்டு மேலே ஏறும்போதெல்லாம் பின்னால் ஏதோ கிர்ரென்றது. ஆன்ட்டியின் ஷோகேஸ். கோப்பைகளை எடுத்து அடுக்களையில் வைத்தும் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"பாஹர் நிகாலோ, வெளிய தூக்கிருவோம்," என்றான் எட்வின். வராந்தாவுக்குத் தூக்கினோம். அடுத்து ஆன்ட்டியின் தையல் மெஷினின் இழுப்பறை உதறியது. அதையும் தூக்கினோம். ஒவ்வொன்றாக வெளியே போகப் போக சத்தம் தெளிந்தது. எனக்கோ பரீட்சையில் மார்க் ஏறுகிற சந்தோஷம்.

வழியை அடைத்துவிட்டோம் என்று மேல்வீட்டு அம்மா மராத்தியில் ஒரு பிடி பிடித்தார். அந்த நேரம் பார்த்து பழைய சாமான் வாங்குகிற பங்கார்வாலா தள்ளுவண்டியோடு தெருவில் வந்தார்.

"குடுத்துருடே. அவளே வரப்போறா, அவ சாமான் எதுக்கு?" என்றார் அங்கிள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்துக்கொண்டே இரண்டையும் வண்டியில் ஏற்றிவிட்டோம்.

மறுபடி போட்டோம். இடதுபக்கம் மூன்றாவது ஆளாக, ஒரு பெண் நிற்கிற உயரத்தில், லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் எழுந்தது. "ஜெயாடே," என்று அங்கிள் எழுந்துவிட்டார். குரல் நின்ற இடத்துக்கு, ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். பாட்டு முடிந்தது. எதிரே வெறும் சுவர். ஷோகேஸ் நின்ற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு புதிதாக, வெள்ளையாக இருந்தது.

"வந்துட்டா," என்றார். கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்தார். "இது நம்ம வீடுன்னு அவளுக்கு எப்படிடே தெரியும்?"

எட்வின் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். நான் பின்னால். வண்டி எந்தச் சந்தில் திரும்பியதோ. மறுநாள் கடையைக் கண்டுபிடித்தபோது ஷோகேஸைப் பலகை பலகையாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மெஷின் கைமாறிப் போயிருந்தது.

அங்கிள் அந்தப் பாட்டைப் போடச் சொல்லி அப்புறம் கேட்கவே இல்லை. வீட்டையும் இடித்துவிட்டார்கள். லோஹேகாவில் மகள் வீட்டில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். எட்வின் வெளிநாட்டில்; ஸ்பீக்கர்கள் யாரிடமோ. கேம்ப்பில் அந்தச் சந்து வழியாக இப்போது ஆட்டோவில் போனால் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அன்று பங்கார்வாலா இரும்பைத் தனியாக, மரத்தைத் தனியாக நிறுத்து, எட்வின் கையில் வைத்துவிட்டுப் போனது எண்ணூற்று நாற்பது ரூபாய்.