ஒரு வாளி உடைந்த கிரெயோன்

பாலர் பள்ளி வகுப்பின் பின்மூலையில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, ஒரு சாயவாளி இருந்தது. எனக்கு முன்னால் அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்கள் உடைந்த கிரெயோன்களை அதில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் வகுப்பை ஏற்றபோது வாளி முக்கால் நிறைந்திருந்தது. என் முதல் ஆண்டு முடிவதற்குள் விளிம்பைத் தொட்டுவிட்டது.

வகுப்புக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள், மூலைகளைக் காலி செய்யுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்ன அன்று, பள்ளியைக் கூட்டும் அக்கா வந்து வாளியைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“இத என்னா பண்ண டீச்சர்? சனிக்கெழம பின்னால எல கொளுத்துவேன். அதோட சேத்துப் போட்டுரட்டா?”

அந்த வாரம்தான் புகை கெட்டது என்று பாடம் நடத்தி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமியெல்லாம் காட்டியிருந்தேன். பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன்.

“கொளுத்த வேணாங்க்கா. இந்த வாளியில இருந்து ஒரு துண்டுகூட நெருப்புக்கும் போகாது, குப்பைக்கும் போகாது. நான் பாத்துக்கிறேன்.”

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை. ஆறு வயது. எதையும் இரண்டு முறை கேட்டால்தான் நம்புவாள்.

“ப்ராமிஸா டீச்சர்?”

“ப்ராமிஸ்லா.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. அப்பா இரண்டு வருடம் போனார், பிறகு தோட்டத்து வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். கல்லூரி முடித்து, கோலா சிலாங்கூர் பக்கத்திலேயே எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது, தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வரிசை முழுவதும் அம்மா பலகாரம் கொடுத்தார். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்னும் இருக்கிறது. அந்தப் பெருமைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விசயம் தெரிவதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடும்.

அன்று மாலை வாளியை மோட்டாரில் இரண்டு காலுக்கும் நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். கிரெயோன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு. புதைத்தால் மக்காது. எரித்தால் புகை. உருக்கிக் குழாயில் ஊற்றினால் உள்ளே போய் உறைந்து அடைக்கும். வாய்க்காலில் கொட்டினால் இங்கே எல்லா வாய்க்காலும் கடைசியில் சிலாங்கூர் ஆற்றுக்குத்தான். வேறு நாடுகளில் பழைய கிரெயோனை அஞ்சலில் அனுப்பினால் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்களாம். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, கிரெயோனை மறுபடியும் கிரெயோனாக்குவது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் மேல்தாள் வழுவழுவென்று உரிந்துவிடும். உரித்து, பழைய பால்டின்னில் போட்டு, டின்னைக் கொதிக்கும் தண்ணீருக்குள் நிறுத்தினேன். ஊற்றுவதற்கு அச்சு வேண்டும். அம்மா அகார் அகார் இனிப்பு ஊற்றும் அச்சை எடுத்தேன், மீன் வடிவம் போட்டது.

“அதுல ஊத்துன, இனிமே அது சாப்பாட்டுக்கு ஆவாது. தீவாளிக்கு நீதான் புதுசு வாங்கித் தரணும், சொல்லிட்டேன்,” என்றார் அம்மா.

எல்லா நிறத்தையும் ஒன்றாகப் போட்டால் வானவில்லைப் போல வரும் என்று நினைத்துக் கலக்கியதுதான் என் முதல் தவறு. குளிர்ந்ததும் தட்டி எடுத்தால் பன்னிரண்டு மீனும் ஒரே பழுப்பு. வேலை முடிந்து வந்த அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னாம்மா, சாணி வெரட்டி தட்டுறியா?”

மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளையும் அந்த மீன்களைத் தொடவில்லை. இரட்டைப் பின்னல் மட்டும், “அப்ப ப்ராமிஸ் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா டீச்சர்?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நிறம் பிரித்தேன். பிரித்தால்தான் தெரிகிறது, பிள்ளைகள் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உடைக்கிறார்கள். நீலத்தை மட்டும் உருக்கி, மூங்கில் துண்டில் ஊற்றிக் கட்டைவிரல் கனத்துக்குச் சில குச்சிகள் செய்தேன். அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“இதுல எழுதலாம்.”

அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். வெட்டிய குலையின் காம்பில், ஈரம் காய்வதற்குள், வெட்டியவர் தன் எண்ணை எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதற்கு மெழுகுக் குச்சிதான். பேனா ஈரத்தில் எழுதாது. அப்பாவின் எண் முப்பத்தெட்டு. எனக்குத் தெரிந்து அவர் எழுதுவது அது ஒன்றுதான். ஆனால் அதை அழகாக எழுதுவார். எட்டின் இரண்டு வட்டமும் ஒரே அளவில் இருக்கும்.

தோட்டத்தில் அப்பாவுக்குக் கொடுக்கும் நீலக் குச்சியால் சின்ன வயதில் நான் செய்த ஒரு காரியம் உண்டு. முதலாம் ஆண்டு படித்தபோது ஒருநாள், நாளைக்கு கிரெயோன் கொண்டுவாருங்கள் என்று ஆசிரியர் சொன்னார். எங்களிடம் இல்லை. விடிகாலையில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என் வீடு என்ற தலைப்பு. வீடு, மரம், சூரியன், அம்மாவின் முகம் எல்லாமே நீலம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே தோட்டத்தில், அப்பா குலைகளை வெட்டிவிட்டுப் பையில் கையை விட்டால் ஒன்றும் இல்லை. எண் இல்லாத குலைகளைப் பார்த்த மேற்பார்வை மண்டோர் எல்லார் முன்னாலும் வைத்து அவரைக் கேவலமாகப் பேசியிருக்கிறார். சாயங்காலம் அம்மா சொல்லித்தான் எனக்கு அது தெரியும். நான் அடிக்குக் காத்திருந்தேன். அப்பா குளித்துவிட்டு டவுனுக்குப் போனார். திரும்பி வந்து பன்னிரண்டு நிறப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். என் பையைத் திறந்து நீலக் குச்சியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“இது உன்னோட. அது என்னோட,” என்றார். 

இப்போது நான் செய்த குச்சிகள் முதல் நாளே வெயிலில் இளகி அவர் சட்டைப் பையோடு ஒட்டிக்கொண்டன. “மகளு பட்டம் வாங்குனா, அப்பனுக்குச் சட்ட நீலமாச்சு,” என்று அம்மா துவைக்கும்போது சொன்னார். நாளிதழைச் சுற்றிக் கொடுத்த பிறகு சரியாயிற்று. குலையோடு ஆலைக்குப் போகும் மெழுகும் கடைசியில் குப்பைதானே என்று உறுத்தியது; தோட்டத்தில் புதிதாக மெழுகு வாங்குவது அந்த அளவுக்குக் குறையும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அப்பாவோடு வெட்டும் ஆட்கள் நீலத்தையும் சிவப்பையும் கறுப்பையும் கேட்டு வாங்கிப் போனார்கள். மஞ்சளும் வெள்ளையும் இளம்பச்சையும் யாருக்கும் வேண்டாம்; காம்பில் தெரியாது.

வாளி பாதிக்குக் கீழே இறங்கியது. அங்கேயே நின்றது. ஒவ்வொரு காலையும் இரட்டைப் பின்னல் என் மோட்டார் அருகே வந்து நிற்பாள்.

“இன்னும் இருக்கா டீச்சர்?”

“இருக்கு.”

“எவ்ளோ?”

கையை வைத்து அளவு காட்டுவேன். ஒரு வாரமாக அதே அளவு. அப்போதுதான் வாளி எப்படி நிறைகிறது என்று யோசித்தேன். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும்போது பெற்றோர் புதுப் பெட்டி வாங்குகிறார்கள். பழையது பாதிகூடத் தேயாமல் வாளிக்கு வருகிறது. நான் எவ்வளவு உருக்கினாலும் மேலே இருந்து புதிது வந்துகொண்டே இருந்தால் என் வாக்கு நிற்காது. வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: அடுத்த ஆண்டுக்குப் புதிய கிரெயோன் வாங்க வேண்டாம், வகுப்பில் இருக்கும் பழையவற்றையே பிள்ளைகள் பயன்படுத்துவார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவ்வளவுதான். 

மறுநாள் பள்ளி வாசலில் இரட்டைப் பின்னலின் அம்மா காத்திருந்தார். புஞ்சாக் ஆலாமில் ஒரு பேரங்காடியில் காசாளராக வேலை செய்கிறவர். சீருடையிலேயே வந்திருந்தார்.

“ஒன்னு கேக்குறேன் டீச்சர், தப்பா நெனைக்காதீங்க.”

“கேளுங்கக்கா.”

“நான் படிச்சப்ப எல்லாம் அடுத்தவங்க குடுத்த பழசுதான். பேக்கு பழசு, சப்பாத்து பழசு, புத்தகத்துல வேற புள்ள பேரு. எம்புள்ளைக்கி அது வேணாம்னுதான் நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே வேல பாக்குறேன். நீங்க மறுபடியும் பழசே போதும்னு சொல்றீங்க.”

“அப்படி இல்லக்கா. இது சுற்றுச்சூழலுக்காக…”

“சுற்றுச்சூழல் நல்லதுதான் டீச்சர். அது ஏன் எப்பவும் எங்க புள்ளைங்ககிட்டயிருந்தே ஆரம்பிக்குது?”

“அம்மா, டீச்சர் ப்ராமிஸ் பண்ணிருக்காங்க,” என்றாள் மகள்.

“நீ சும்மா இருடி.”

 படித்தவள் என்று வாயைத் திறந்தால் எதுவாவது வரும் என்பது என் அனுபவம். அன்று, வருகிறேன் அக்கா என்று மட்டும் சொல்லி நகர்ந்தேன்.

வீட்டில் அப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“அந்தம்மா கேட்டதுல என்னா தப்பு? சரி, நான் வாங்கிக் குடுத்தேனே பெட்டி, அது எங்க?”

“அலமாரில இருக்கு.”

“எழுதுனியா?”

“இல்லப்பா.”

“பின்ன? ஊருக்கெல்லாம் பழச எழுதி முடிங்கன்னு சொல்ற. ஒன்னுகூட எழுதாத பெட்டி உங்கிட்டத்தான்லா இருக்கு!” என்று பூட்ஸைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது. பன்னிரண்டும் முழுசாக, கூர் மழுங்காமல். அந்தக் காலத்தில் வகுப்பில் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொண்டு பென்சிலால் வரைவேன். என்னிடம் இருக்கிறது என்று மற்றவர்கள் பார்த்தால் எனக்குப் போதும். இத்தனை வருடத்தில் மெழுகின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்தேன். உள்ளே நிறம் அப்படியே இருந்தது.

அன்று அப்பா எனக்குக் கொடுத்தது புதுசு மட்டும் இல்லை. இது உன்னோட என்ற சொல்லையும் சேர்த்துத்தான் கொடுத்தார். அந்த அம்மா வாசலில் என்னிடம் கேட்டதும் அதைத்தான். அவர் பழசை வெறுக்கவில்லை. தன் மகளின் கையில் அடுத்தவர் பெயர் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வகுப்புப் பொதுவில் கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நான், யோசித்துப் பார்த்தால், யாருக்கும் எதையும் கொடுக்கவே இல்லை.

குழுவில் மறுபடியும் எழுதினேன். முதலில் மன்னிப்பு. பிறகு, பிள்ளைக்கு ஒரு காலி டப்பா கொடுத்துவிடுங்கள், அவர்களின் கிரெயோனை அவர்களே செய்யட்டும் என்று. மார்ஜரின் டப்பா, பிஸ்கட் டின், ஒரு பழைய சோற்று மங்குகூட வந்தது. வாளியை மறுபடியும் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய நிறத்தை அதிலிருந்து பொறுக்கினார்கள், தாளை உரித்தார்கள், எந்த அச்சு என்று சண்டை போட்டார்கள். அடுப்பு மட்டும் என் வேலை. வெள்ளைக் கிரெயோனால் எழுதி மேலே நீர்ச்சாயம் பூசினால் எழுத்து எழும்பி வரும் என்று காட்டியதும், யாருக்கும் வேண்டாத வெள்ளைக்கு அடிதடி. பழுப்பு மீன்களையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். செம்பனை மரத்தின் அடிப்பகுதிக்கு அதைவிடச் சரியான நிறம் கிடையாது. தினமும் அந்த மரங்களுக்கு நடுவே வருகிற பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது.

இரட்டைப் பின்னலின் டப்பா கடைசியாக வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்து, மூடியில் நகச்சாயத்தால் மகளின் பெயர் எழுதியிருந்தது. அவள் அம்மா வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “புதுசும் வாங்குவேன் டீச்சர். இது முடியட்டும், அப்பறம்.”

நானும் என் பெட்டியை வகுப்பு மேசையில் வைத்தேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. முதல் நாளே நீலம் ‘டக்’கென்று ஒடிந்தது. பெட்டியை மூடி எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். இரட்டைப் பின்னல் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“ஒடஞ்சிருச்சு டீச்சர்.”

“நல்லதாப் போச்சு. இப்ப ரெண்டு பேரு எழுதலாம்.”

பள்ளித் தவணை முடிகிற வாரம் கூட்டும் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “வாளி காலியா டீச்சர்? அப்ப குடுங்க, தர தொடைக்க வாளி இல்லாம அல்லாடுறேன்.”

எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். இரட்டைப் பின்னல் குறுக்கே வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அடியில் மஞ்சள் ஒன்று உருகி ஒட்டியிருந்தது, நாணயம் அளவுக்கு.

“இன்னும் இருக்கு டீச்சர்.”

“அடியே, அது அழுக்குடி,” என்றார் அக்கா.

“அழுக்கு இல்ல. மஞ்சா.”

அவள் தரையில் உட்கார்ந்து, வாளியை மடியில் சாய்த்து, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அக்கா இடுப்பில் கையை வைத்து என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கக்கா என்று சொல்லிவிட்டு, நானும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.