முக்கால் மணி நேரப் பூட்டு

கல்யாணம் ஆகாதவர்களுக்கு அடுத்தவர் கல்யாணத்தில் ஓய்வே கிடையாது. இந்தச் சட்டத்தை நான் போடவில்லை. ஆனால் அமல்படுத்தியதில் எனக்கும் பங்குண்டு. என் தம்பி பூட்டு ரிப்பேர் செய்கிறவன், நாற்பது வயது, கட்டைப் பிரம்மச்சாரி. என் மகள் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவனை நாற்காலி இறக்க வைத்தேன், ஜெனரேட்டரோடு மல்லுக்கட்ட வைத்தேன், வழி தவறிய விருந்தாளிகளைத் தேட வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டிலும் அப்படி ஒருத்தி மாட்டியிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்கா, தையல்காரி. "நம்ம பொண்ணுதானே" என்று சொல்லிச் சொல்லியே மூன்று நாளாக ஒன்பது பேர் துணியைத் திருத்த வைத்துவிட்டார்கள். மணப்பெண் உடையைக் கடைசியாக அவள் தலையில் கட்டியது நான்தான்.

கல்யாணத்தன்று காலை என் கணவரின் அண்ணன், சாமான் திருட்டுப் போய்விடும் என்று மணப்பெண் அறையை வெளியே பூட்டினார். உள்ளே அவள் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. சாவியையும் தொலைத்துவிட்டார். மகா கெட்டிக்காரர்! கல்யாணப் பதிவாளரோ பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிடம் இருக்கமாட்டேன் என்கிறார். மணி பத்து. உடை உள்ளே, மகள் நைட்டியோடு அழுகிறாள்.

தம்பி வந்தான். கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு பூட்டுக்குள் கம்பியை விட்டான். அவன் தொழிலே அப்படி, சத்தம் கேட்டுத்தான் திறப்பான். பத்து நிமிடம் போனது, அரைமணி போனது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பூட்டு நிபுணர்கள் ஆனார்கள்.

"எண்ணெய் விடுப்பா!"

"பூட்டுக்காரனுக்கே பூட்டு திறக்க வரலையா?"

எனக்கு மானமே போயிற்று. "இருபது வருஷமா என்னத்தடா கிழிச்ச?" என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை.

முக்கால் மணியில் கதவு திறந்தது. அவள் தெளிந்த முகத்தோடு உடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணம் நடந்தது. தம்பிக்கு 'முக்கால் மணி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிற கூட்டம் பாதியானது.

ஒரு மாதம் கழித்து என் பீரோ பூட்டு சிக்கிக்கொண்டது. நான் டீ ஆற்றுவதற்குள் திறந்துவிட்டான். எனக்குப் பொறி தட்டியது.

"டேய், அன்னைக்கு வேணும்னேதானே இழுத்தடிச்ச?"

"கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாங்கக்கா. துணி ரெடி, மூணு நாளா கண்ணை மூடல, அரைமணி தூங்க விடுங்கன்னு." அவன் காது சிவந்தது. "எனக்குத்தான் எழுப்ப மனசு வரல. கால் மணி கூடப் போட்டுக் குடுத்தேன்."

"தொழில்ல பேரு கெட்டுப்போச்சேடா!"

"போகட்டும். அவங்க கொஞ்ச நாளா தினமும் வந்து ஒரு பூட்டு வாங்குறாங்க. இதுவரைக்கும் பதினேழு."

"பதினேழா?"

"அவங்க வீட்டுல கதவே மூணுதான்க்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவளைத் தூங்க விடாதவர்களில் நானும் ஒருத்தி.

அவர்கள் கல்யாணத்தன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "என்ன வேலை செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம் அண்ணி. உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். எத்தனையோ கல்யாணம் பார்த்தவள் நான். ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.