அண்ணனுக்கு ஓர் இருக்கை

விமான டிக்கெட் போட அந்தத் தெருவில் நாலு கடை இருந்தது. போட்ட டிக்கெட்டில் உருப்படியான இடம் வேண்டுமென்றால் ஜன்னலக்காவிடம்தான் வர வேண்டும். வருகிறவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் "ஜன்னலா, நடைவழியா?" என்று கேட்டுவிடுவாள். கேட்டுக் கேட்டு அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. பதில் சொன்னால் மட்டும் விட்டுவிடுவாளா? ஜன்னல் என்று சொன்னவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கே, ரெண்டு பேரைத் தாண்டி எத்தனை தடவை எழுந்து போவீங்க? நடைவழியே போட்டுடறேன்" என்பாள். அப்படியானால் எதற்குக் கேட்டாய் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

மருந்துக் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த டிராவல்ஸ் அது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் வெயில் பட்டு நீலம் வெளுத்துப்போன ஒரு விமானப் படம். ஒரு மேசையில் முதலாளி போனில் பேசிக்கொண்டிருப்பார். வேலை மற்ற மேசையில் நடக்கும்.

நெடுந்தூரம் போகிற பெரிய விமானம் என்றால் ஜன்னலக்காவுக்குக் கொண்டாட்டம். திரையில் இருக்கைப் படம் விரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். காலை நீட்டலாம் என்று ஊரே முதல் வரிசைக்குப் பறக்கும். குழந்தைத் தொட்டிலை அங்கேதான் மாட்டுவார்கள், விடிய விடிய அழுகையும் அங்கேதான் என்று இவளுக்குத் தெரியும். அவசரக் கதவுக்கு முந்தின வரிசையில் முதுகு சாயாது. படத்தில் ஜன்னல் என்று போட்டிருக்கும், போய் உட்கார்ந்தால் வெறும் சுவர்தான் இருக்கும், அப்படியும் ஓர் இடம் உண்டு. மூன்று பேர் வரிசையில் கணவனுக்கு ஓரமும் மனைவிக்கு ஜன்னலும் போட்டு நடுவில் ஒன்றைக் காலியாக விடுவாள். தனியாக வந்து நடுவில் எவன் மாட்டிக்கொள்வான் என்பது அவள் கணக்கு. பெரும்பாலும் பலிக்கும். பலிக்காவிட்டால் அது விமானக் கம்பெனியின் தப்பு. கடைசி வரிசையை மட்டும் அவள் ஜென்ம விரோதியாகப் பார்த்தாள். சாய முடியாது, குலுக்கல் அதிகம், கழிப்பறைக் கதவு வேறு காதுக்குப் பக்கத்தில் டபார் டபார் என்று அடிக்கும்.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. சினிமாவுக்குப் போனால் கணவருக்கு இடம் காட்டிவிட்டுத்தான் தான் உட்காருவாள். யார் வீட்டு விசேஷமானாலும் மின்விசிறிக்கு நேர் கீழே, பந்திக்குப் போகிற வழியை ஒட்டி, அவளுடைய சொந்தக்காரர்கள் மட்டும் சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். "இவ எடம் பாத்துக் குடுத்தா தப்பாது" என்று அவள் கணவரே நாலு பேர் முன்னால் சொல்வார். மனுஷர் வேறு எதற்கும் அவளைப் புகழ்ந்ததில்லை.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒருவர் விஷயத்தில் மண்ணைக் கவ்வினாள். அவர் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். மலை இறக்கம், கொட்டுகிற மழை, எதிரே விளக்கில்லாமல் வரும் லாரி, எதற்கும் அசராத ஆள். மனைவி காலமான பிறகு ஒரே மகளை வளர்த்துப் படிக்கவைத்தார். அவள் கடல் கடந்து வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், அங்கேயே கல்யாணம் என்றாள். அண்ணன் தங்கையையும் கூட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் கிளம்பினார். ஆயுசு பூராவும் வண்டியில் முன்னால் உட்கார்ந்தவராயிற்றே என்று ஜன்னலக்கா அவருக்கு முன்பக்கத்தில், வாசலை ஒட்டி இடம் போட்டாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

விமானத்தில் ஏறி பெல்ட் போட்டதும் அண்ணனுக்கு வியர்த்தது. உள்ளங்கை நனைந்தது. கதவு இன்னும் திறந்திருந்தது, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். எழுந்தார், நடந்தார், இறங்கிவிட்டார். அவர் பெட்டியைத் தேடி எடுத்துக் கீழே போடும் வரை விமானமே காத்துக்கிடந்தது. பயந்த மனிதனைக் கதவுக்குப் பக்கத்திலா உட்காரவைப்பது? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும், அவளுக்குத் தோன்றவில்லை. தங்கை மட்டும் தனியாகப் போய், கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மகள் அப்பாவிடம் சண்டை ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வாரம் தவறாமல் பேசுவாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரி, வச்சுடறேன்." அவ்வளவுதான். போனை வைத்த பிறகும் அண்ணன் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்பது தங்கைக்கு மட்டும் தெரியும்.

இப்போது மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. அத்தைக்குத்தான் போன் வந்தது.

"அத்தை, நீங்க வாங்க. அப்பாகிட்ட கேக்க வேண்டாம்."

"ஏம்மா, பெத்தவரைக் கேக்காமலா?"

"கேட்டா வர்றேன்னுதான் சொல்வார். வரலைங்கறதை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பு இல்ல அத்தை."

ஜன்னலக்காவுக்குக் கோபம் வந்தது, அந்தப் பாழாய்ப்போன வாசலோர இருக்கை மேல். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனைக் கடைக்கு வரச்சொல்லி எதிரே உட்காரவைத்தாள்.

"நான் எறங்கிட்டா?" என்றார் அண்ணன். "இந்தத் தடவையும் எறங்கிட்டேன்னா அப்புறம் அவ முகத்துல முழிக்கவே முடியாதும்மா. அதுக்கு வராமலே இருந்துடலாம்."

"எறங்க விட்டாத்தானே! எடம் போடறது யாரு?"

"போன தடவையும் நீதான் போட்ட."

"அது போன தடவை" என்றாள் ஜன்னலக்கா, கொஞ்சமும் கூசாமல்.

இருக்கைப் படத்தை அவள் இத்தனை நேரம் பார்த்து முதலாளி கண்டதில்லை. இறக்கைக்கு நேர் மேலே குலுக்கல் குறைவு, ஆகவே அங்கே. நாலு பேர் உட்காரும் நடு வரிசை, ஆகவே வெளியே எதுவும் தெரியாது. நடைவழியில் இவள், பக்கத்தில் அவர். முன் கதவும் தூரம், பின் கதவும் தூரம். "சிறையில அடைக்கற மாதிரில்ல இருக்கு" என்றார் முதலாளி. "ஒரு விமானத்துலயே நல்ல எடம் இதுதான் சார்" என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினாள்.

கிளம்பும் நாளில் அண்ணன் உள்ளே வந்து, மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டார். நம் கணக்கு பலித்துவிட்டது என்று ஜன்னலக்கா மனசுக்குள் குதித்தாள். ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் முன்னால் இருந்த முதுகுகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"பாத்ரூம் போயிட்டு வர்றேன்."

"வண்டி கெளம்பட்டும் அண்ணா."

"வழி விடும்மா."

பெரியவரை எத்தனை நேரம் மறிப்பது? எழுந்து வழி விட்டாள். அவர் பின்பக்கமாக நடந்தார். திரைக்கு அந்தப் பக்கம் போனவர் திரும்பவில்லை. கதவுகளைச் சாத்துகிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பின்னால் சாப்பாடு ஏற்றுகிற கதவு ஒன்று உண்டு என்பது அப்போது பார்த்து அவளுக்கு ஞாபகம் வந்தது. அதன் வழியாக இறங்கிவிட்டாரா? அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? விமானம் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. ஜன்னலக்கா பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்த விமானப் பணிப்பெண் அவளை உட்காரச் சொன்னாள். "உங்களோட வந்தவர் பின்னாடி காலியா இருந்த சீட்ல உக்காந்துட்டார். எழுந்திரிக்கவே மாட்டேங்கறார். இருக்கட்டும்னு விட்டுட்டோம், கவலைப்படாதீங்க."

ஜன்னலக்கா பொத்தென்று உட்கார்ந்தாள். விமானம் ஓடி, எழும்பி, மேலேறியது. பெல்ட் விளக்கு அணைந்த மறு நொடி அவள் வால் பக்கம் ஓடினாள்.

கடைசி வரிசை. சாயாத இருக்கை. கழிப்பறைக் கதவு காதோரம் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய விமானத்தில் ஒருவரும் சீண்டாத அந்த இடத்தில் அண்ணன் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். எதிரே, அவரைப் பார்த்தபடி, சுவரிலிருந்து மடக்கி இறக்கிய ஊழியர் இருக்கையில் இன்னொரு பணிப்பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது உக்கார்ற எடமா அண்ணா? உசுரே போயிடுச்சு எனக்கு! எழுந்திரி, அங்க வா. அங்க குலுக்கறதே தெரியாது."

"குலுக்கறது தெரியணும்மா. தெரியாம குலுக்கினாத்தான் பயமே."

"என்ன பேச்சு இது?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "வண்டியில நான் எங்க உக்காந்தாலும் ஓட்டறவன் முகம் எனக்குத் தெரியணும். பிரேக் சரியா புடிக்கலைன்னா மொதல்ல அவன் காது செவக்கும். பயணிங்களுக்கு அப்புறம்தான் தெரிய வரும். இங்க ஓட்டறவனைக் கதவைச் சாத்தி உள்ள வச்சிருக்காங்க. அடுத்த ஆளு இந்தப் பொண்ணுதான். தினமும் இதுல போய் வர்றவ. ஏதாவதுன்னா இவளுக்குத் தெரியாம இருக்குமா?"

"அதனால?"

"அதனால இவ காதைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"காது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாவே இருக்கு. மேல ஏறும்போது ஒரு குலுக்கு குலுக்குச்சே, அப்ப நகத்தைப் பாத்துட்டிருந்தா."

சிரிப்பு வந்தது, கோபமும் போகவில்லை. இத்தனை வருடம் இருக்கைகளைக் கரைத்துக் குடித்தவள். எந்த இடத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளோ, அதில் போய் இந்த மனுஷர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தொழிலில் தோற்றது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அண்ணன் நெற்றி காய்ந்திருந்தது. அது போதும் என்று அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. உனக்கு இதுதான் நல்ல இடம், எனக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லக்கூட வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் விமானம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. இவள் எட்டிப்பார்த்தபோது, பணிப்பெண்ணும் அண்ணனும் எதிரும் புதிருமாக ஒரே போல் ஆடிக்கொண்டு, அவரவர் பேரப்பிள்ளை, அம்மா என்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

போய் இறங்கியதும் இன்னொரு சங்கடம். இறக்கைப் பக்கம் இருந்த ஜன்னலக்கா கூட்டத்தோடு தள்ளப்பட்டு முன்னாடியே வெளியே வந்துவிட்டாள். பாஸ்போர்ட் சோதனையில் வரிசை பாம்பாக வளைந்து நின்றது. அண்ணன் எங்கேயோ அதன் வால் பக்கத்தில் இருந்தார். "நீ போம்மா, புள்ளத்தாச்சி நின்னுட்டிருப்பா" என்று தூரத்திலிருந்து கையை ஆட்டினார். அவள் பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மருமகள், வயிற்றைத் தாங்கியபடி நின்றிருந்தாள். அப்பாவும் புறப்பட்டுவிட்டார் என்று அத்தை கிளம்பும் முன் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தைக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. மலர்ந்திருந்த முகம் அப்படியே சுருங்கியது.

"வந்துட்டிருக்காரும்மா. பின்னாடி வர்றார்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க அத்தை" என்றாள் மருமகள் மெதுவாக. "பின்னாடி வர்றார்னு சொல்லிச் சொல்லியே என்னை வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்க."

"சத்தியமா சொல்றேன்டா கண்ணு, கடைசி சீட்ல உக்காந்துட்டு வந்தார்."

"உங்க அண்ணனுக்கு நீங்க கடைசி சீட்டு போட்டீங்களா? நீங்களா?" அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "விடுங்க அத்தை. பொய் சொல்லக்கூட உங்களுக்கு வரலை. வாங்க, போகலாம்."

தன் பேரும் புகழும் தன்னையே இப்படிக் காலை வாரும் என்று ஜன்னலக்கா நினைத்ததில்லை. தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தி, "அஞ்சு நிமிஷம் நில்லும்மா" என்று கெஞ்சினாள். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பெட்டியோடு ஒரு குடும்பம், தூங்கி வழியும் ஒரு பையன், விமானப் பணியாளர்கள். பிறகு சற்று நேரம் யாருமே வரவில்லை. மருமகள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கதவு மறுபடி திறந்தது. கசங்கின சட்டையும் கையில் ஒரு பையுமாக அண்ணன் நின்றார்.

மகள் ஓடக் கூடாத நிலையில் ஓடினாள். ஓடிப்போய் அவர் நெஞ்சில் ரெண்டு கையாலும் அடித்தாள். "இவ்வளவு நேரமாப்பா? இவ்வளவு நேரமா?" என்று கேட்டபடியே அழுதாள். தங்கையும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள்.

அண்ணன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவை எல்லாரும் எறங்கின அப்புறம்தாம்மா நான் எறங்கினேன்."